படகுக்கு வந்த தண்ணீர்

சாத்தங்குறிச்சிக் கண்மாய்க்குப் படகு வந்து சேர்ந்தது ஒரு வைகாசி மாத வியாழக்கிழமை. கடலிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆறு வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் நிற்காத அந்தக் கண்மாயின் நட்ட நடுவில், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணுக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் இடையே, ஒற்றைப் பாய்மரத்தோடு, நங்கூரச் சங்கிலியை ஒரு மண்வெடிப்புக்குள் நேராக இறக்கிவிட்டு, காற்றே இல்லாத காலை வெயிலில் அது மெல்ல ஏறி மெல்ல இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கண்மாய்க்குள் முதல்முறையாக ஒரு நல்ல நிழல் விழுந்திருப்பதைக் கவனித்து, ஆடுகளைப் படகின் நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்துப் பார்த்தவள் பஞ்சவர்ணம். பாயில் மஞ்சள் சேலைத் துண்டு வைத்துத் தைத்திருந்த ஒட்டைக் கண்டதுமே அது யாருடைய படகென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வந்துட்டாங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையிலிருந்த வால்வுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினாள்.

பஞ்சவர்ணம் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். எழுபத்து மூன்று வீட்டுக்கும் ஆறு நாளைக்கு ஒருமுறை நாற்பது நிமிஷம் தண்ணீர் திறந்துவிடுவது அவள் வேலை. புருஷன் ஹைதராபாத்தில் முறுக்குக் கடையில் இருந்தான். தண்ணீர் எப்போது வரும் என்று மேலே இருந்து சொல்ல மாட்டார்கள் என்பதால், அவள் வால்வு ரூமின் வாசலில் குழாயில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது, உட்கார்ந்திருந்த நேரத்தில் போன் பார்ப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் 'குறைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவுவது எப்படி' என்று தேடியபோது, ஒரு பெண் படகில் தனியாகக் குடியிருந்துகொண்டு எழுதுகிற வலைப்பூ ஒன்று வந்து நின்றது. எழுதியவள் வதனி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நார்வேயில் முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை பார்த்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பழைய படகொன்றை வாங்கி, அதற்குத் தும்பி என்று பெயரிட்டு, கிழிந்த பாயில் தன் பழைய மஞ்சள் சேலையை ஒட்டுப்போட்டுப் படமும் போட்டு, கடல் கடலாகப் போய்க்கொண்டிருந்தவள்.

அதற்குப் பிறகு படகில் குடியிருக்கிற வேறு பலருடைய பக்கங்களையும் பஞ்சவர்ணம் போன் மொழிபெயர்த்துத் தந்த அரைகுறைத் தமிழில் படித்துப் பார்த்தாள். அவற்றில் சூரியன் மறைந்தது, கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, எந்தப் படகிலும் யாரும் பாத்திரம் கழுவவில்லை. வதனி மட்டும்தான் தண்ணீரைப் பற்றி எழுதினாள். சுற்றிவரக் கடல் கிடக்க, படகுத் தொட்டியில் இருக்கிற நல்ல தண்ணீரை வாரத்துக்கு நாற்பது லிட்டர் என்று வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் பல் துலக்குவாள், எப்படிச் சோறு வடிப்பாள், மாதத்தில் மூன்று நாள் என்ன செய்தாள், பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்துக் கடைசியில் ஒரு மிடறு நல்ல தண்ணீரால் எப்படி அலசுவாள் என்றெல்லாம் எழுதினாள். மழை வந்தால் பாயை மடித்துப் பிடிக்க வேண்டும், முதல் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதை விட்டுவிட வேண்டும் என்று எழுதினாள். படித்து முடித்த அன்றைக்கே பஞ்சவர்ணம் கீழே ஒரு வரி போட்டாள்: 'நாங்களும் இப்படித்தான் அக்கா.' உடனே பதில் வந்தது: 'நீங்கள் எந்தப் படகு?' பஞ்சவர்ணம் யோசித்துவிட்டு, 'படகு இல்லை, ஊர்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்று வதனி சொல்லியிருந்தாள், சொன்னபடி வந்துவிட்டாள்.

வதனியின் கண்ணுக்கு அது கடல்தான். படகைச் சுற்றி நாலு பக்கமும் அவளுக்கு நீலமாகத் தண்ணீர் தெரிந்தது, அந்தத் தண்ணீரின் மேலே ஆடுகளும் மனுஷர்களும் நடமாடினார்கள். அவள் கயிறு கட்டிய வாளியைப் படகிலிருந்து வீசினால், ஊர்க்காரர்களுக்கு அது வறண்ட மண்ணில் விழுகிற சத்தத்தோடு விழுந்து, மேலே போகும்போது உப்புத் தண்ணீர் தளும்ப, சில நாள் இரண்டு மூன்று சாளை மீனும் துள்ளப் போகும். "கவனமா வா பிள்ளை, அலை கொஞ்சம் கூட" என்று முதல் நாள் அவள் மேலிருந்து சொன்னாள். பஞ்சவர்ணம் முள்ளைப் பார்த்துக் கால் வைத்து நடந்துபோய் ஏணியில் ஏறினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வதனி தொட்டியைத் திறந்து காட்டினாள். பதினோரு லிட்டர் இருந்தது.

அன்று சாயங்காலம் ஊர் கூடிப் பேசியது. படகு எப்படி வந்தது என்பதைப் பற்றி யாரும் அதிக நேரம் பேசவில்லை. வந்தது வந்துவிட்டது, அது எந்தத் தெருவில் சேர்த்தி என்பதில்தான் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கீழத்தெருவின் கடைசி வீட்டுக்கு அடுத்த வீடு, அதாவது எழுபத்து நான்காவது வீடு என்று முடிவாயிற்று. ஆனால் எழுபத்து மூன்று வீட்டுக்கே போதாத தண்ணீரில் எழுபத்து நான்காவதற்கு முறை ஏது? அதனால் வீட்டுக்கு ஒரு டம்ளர் என்று பேசி, தண்ணீர் வருகிற நாளில் எழுபத்து மூன்று டம்ளரையும் ஒரே குடத்தில் ஊற்றிப் பஞ்சவர்ணம் தலையில் தூக்கிவிட்டார்கள். வதனி அதைச் சிந்தாமல் வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டு, பதிலுக்குக் கடல் தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கீழே கொடுத்தாள். வலைப்பூவில் எழுதியிருந்தபடி ஊர்ப் பெண்கள் பாத்திரங்களை அதில் தேய்த்துக் கடைசியில் ஒரு மிடறு நல்ல தண்ணீரால் அலசினார்கள். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் குடம் மிச்சமாயிற்று. சாளையைக் கழுவிக் கண்மாய்க் கரையில் காயப்போட்டார்கள். டீக்கடை பெஞ்சு கரைக்கு இடம் மாறியது. அம்மன் கோவில் பூசாரி செவ்வாய்க்கிழமைகளில் வழக்கமான வீடுகளோடு படகுக்கும் போய்த் திருநீறு கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது வாரத்தில் படகைத் திரும்பிப் பார்க்கிறவர் ஊரில் யாருமில்லை.

திரும்பிப் பார்த்தவர்கள் வெளியே இருந்தார்கள். வெளியூரிலிருந்து ஆட்டுக்கிடா வாங்க வந்த ஒருவர் எடுத்த படம் ஊரூராகப் போய், ஒரு திங்கட்கிழமை வெள்ளை வண்டிகள் நான்கு வந்து நின்றன. இறங்கிய அதிகாரி நடுத்தர வயதுக்காரர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லாதவர். படகைச் சுற்றி வந்து பார்த்தார், ஊராட்சிச் செயலர் மாயழகைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார், இந்த ஊருக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றார். படகுப் பெருவிழா நடக்கும், வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், பெரியவர்கள் வருவார்கள் என்றார். பிறகு வெடித்த மண்ணைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, வறண்ட கண்மாயில் படகு நிற்பது படத்தில் அசிங்கமாக இருக்கும், முதலில் இதில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றார்.

பஞ்சவர்ணம் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். நெடுஞ்சாலையோரம் கூட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது, அங்கிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் தனிக் குழாய் போட்டால் ஊருக்குத் தினமும் தண்ணீர் கிடைக்கும் என்று ஆறு வருஷத்தில் பதினாலு மனு அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். பதினாலுக்கும் ஒரே பதில்தான் வந்திருந்தது: நீராதாரம் இல்லை, சாத்தியமில்லை. அந்தச் சாத்தியமில்லாத குழாயை நாலே நாளில் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை மண் தோண்டும் இயந்திரம் வந்தது, வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்மாய்க்குள் கை தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. அது போதாதென்று டேங்கர் லாரிகளும் வரிசை கட்டி வந்து கொட்டின. தண்ணீர் முழங்காலளவு ஏறியதும் கரையைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்து, 'விழாப் பகுதி, நீரைத் தொடாதீர்' என்று பலகை நட்டார்கள். ஊர் அந்த வேலிக்கு வெளியே காலிக் குடங்களோடு நின்று அதைப் படித்தது.

அடுத்து ஊரின் முறை வந்த நாளில் மாயழகு பஞ்சவர்ணத்திடம் வந்து, கண்மாய் இன்னும் நிரம்பவில்லையாம், ஊர்த் தண்ணீரும் அதற்கே போக வேண்டுமாம், இந்த ஒரு முறை ஊருக்குத் திறக்க வேண்டாமாம் என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எழுத்தில் கொடுக்கச் சொல் என்றாள் அவள். எழுத்தில் தர மாட்டார்கள் மதினி, வேலையிலிருந்து தூக்கத்தான் எழுத்தில் தருவார்கள் என்றான். பஞ்சவர்ணம் அன்றைக்குத் திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்து முட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வால்வு மேல் கையை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றாள். வெளியே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றவர்கள் அவளைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், "உன்னையச் சொல்லி என்ன செய்ய" என்றுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் தன் வீட்டில் மிச்சமிருந்ததை ஒரு குடத்தில் எடுத்துக்கொண்டு படகுக்குப் போனாள். படகுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறவள் என்பதால் அவளை மட்டும் வேலிக்குள் விட்டார்கள். இடுப்பளவு நல்ல தண்ணீருக்குள், தலையில் நல்ல தண்ணீரைச் சுமந்துகொண்டு, கரையில் நின்ற காவல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் நடந்தாள்.

"இண்டைக்கு ஏன் பிள்ளை இடுப்பு மட்டும் கடலுக்குள்ள இறங்கி வாறாய்?" என்று வதனி கேட்டாள். "படகும் நாலு நாளா ரெண்டு விரல் தாழ்ந்துதான் நிக்குது. கடல்தண்ணி எண்டால் நல்லாத் தூக்கிப் பிடிக்கும். இது ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை."

பஞ்சவர்ணம் குடத்தை இறக்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பதினாலு மனுவையும் சொன்னாள், நாலு நாளில் வந்த குழாயையும் சொன்னாள், வேலியையும் பலகையையும் சொன்னாள், நேற்று அடைத்த வால்வைச் சொல்லும்போது குரல் உடைந்தது, அந்த உடைசலை மறைப்பதற்காகக் கோபத்தைப் பெரிதாக்கினாள். நீங்களும் நானும் ஒரே மாதிரி என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன், ஒரே மாதிரி இல்லை, நீங்கள் தண்ணீர் இல்லாமல் இருந்தால் அதைப் படிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நாங்கள் இருந்தால் எங்களை எண்ணுவதற்குக்கூட ஆளில்லை என்றாள். நீங்கள் கேட்காமலே வந்தது, நாங்கள் கேட்டுக் கேட்டும் வரவில்லை என்றாள். அது அந்த அக்காவிடம் சொல்ல வேண்டியதல்ல என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் சொல்லி முடித்தாள்.

வதனி தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கடலின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் மெதுவாக, முகம் சிவக்காமல், தாடை மட்டும் இறுகி வந்தது.

"நான் இவ்வளவு காலமும் தண்ணியப் பற்றித்தான் எழுதினனான்," என்றாள். "இவங்கள் படகை மட்டும் பாத்திட்டாங்கள்."

"உங்களைப் போகச் சொல்லி நான் வரலக்கா."

"தெரியும். நீ அந்தக் குடத்தைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போ."

விழா அதற்கு ஐந்து நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு. அன்றைக்கும் ஊரின் முறை வந்திருந்தது, அன்றைக்கும் திறக்கக் கூடாது என்று வாய்மொழியாக உத்தரவு வந்திருந்தது. பந்தல் போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் பாட்டில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்க வேண்டும், சாடை காட்டும்போது குலவை போட வேண்டும் என்று மாயழகு வீடுவீடாகச் சொல்லியிருந்தான். பெண்கள் வந்தார்கள். எழுபத்து மூன்று வீட்டிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் வேலை செய்கிற சேலையில், இடுப்பில் குடத்தோடு வந்தார்கள். முன்னால் பஞ்சவர்ணம் வந்தாள். வேலியருகே காவல்காரர்கள் தடியைக் குறுக்கே போட்டார்கள். அதிகாரி பந்தலிலிருந்து வேகமாக வந்து, ஏம்மா, விருந்தாளிகள் பார்க்கிறார்கள், இது குடிக்கிறதுக்கான தண்ணீர் இல்லை, காட்சிக்கான தண்ணீர், விழா முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"ஆறு வருசமா நாங்க உக்காந்துதான் இருக்கோம் சார்," என்றாள் பஞ்சவர்ணம்.

அந்த நேரத்தில் படகில் பாய் ஏறியது. பந்தலில் இருந்தவர்கள் அது விழாவின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். கண்மாயில் ஓர் இலை அசையாதபோதும் அந்தப் பாய் மட்டும் எங்கோ வீசுகிற காற்றை வாங்கிப் புடைத்தது, மஞ்சள் ஒட்டு வெயிலில் மின்னியது, படகு மூக்கைத் திருப்பித் தெற்கே பார்த்து நகர்ந்தது. நங்கூரத்தைத் தூக்காமலே நகர்ந்தது. சங்கிலி சேற்றை உழுதுகொண்டு பின்னாலேயே வர, தும்பி தண்ணீரைக் கடந்து, கரை மேட்டில் ஓர் அலையில் ஏறுகிற மாதிரி ஏறி இறங்கியது. நங்கூரத்தின் கொக்கி முள்கம்பியில் மாட்டிக்கொண்டது. கல்தூண்கள் ஒன்றன் பின் ஒன்றாக மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தன. கண்மாயைச் சுற்றிவரப் போட்டிருந்த வேலி முழுவதையும், 'நீரைத் தொடாதீர்' பலகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, கருவேலங்காட்டுக்கு மேலாகவும் பருத்திக் காட்டுக்கு மேலாகவும் நெடுஞ்சாலையில் நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டும் படகு கடலைப் பார்த்துப் போயிற்று. வதனி சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒருதடவை திரும்பிப் பார்த்தாள், கையாட்டவில்லை. பந்தலில் இருந்தவர்கள் போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். தடுப்பதற்கு வேலி இல்லாததால் காவல்காரர்கள் தடியை இறக்கிக்கொண்டார்கள். பெண்கள் கண்மாய்க்குள் இறங்கிக் குடங்களை முக்கி எடுத்தார்கள். குலவை போடச் சொல்லி யாரும் சாடை காட்டவில்லை, அவர்களாகவே போட்டார்கள்.

அன்று பின்னேரமே வதனியின் பக்கத்தில் நாலு வரி வந்தது. சாத்தங்குறிச்சியில் நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தந்தார்கள், அவர்களுக்குத் தண்ணீர் தர ஆளில்லை, கிளம்புகிற அவசரத்தில் நங்கூரத்தைத் தூக்க மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து நாள் கழித்து, படகு இல்லாத இடத்தில் படகுக்கான குழாய் இருக்கக் கூடாது என்று அதைத் தோண்டி எடுக்க இயந்திரம் வந்தது. பஞ்சவர்ணம் அப்போதே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தாள், அதை மட்டும் எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அவள் போய், நெடுஞ்சாலையோரம் குழாய் பிரிகிற முதல் இணைப்பின் மேல் உட்கார்ந்தாள். அடுத்த இணைப்பில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் இணைப்புக்கு ஒருத்தியாக, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சோறு அங்கேயே வந்தது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் அங்கேயே கொடுத்தார்கள், இருட்டினால் ஆண்கள் வந்து மாற்றி உட்கார்ந்தார்கள். இயந்திரக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு இயந்திரத்தின் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஏழாம் நாள் மாயழகு ஒரு யோசனையோடு வந்தான். அதிகாரியிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தான். கோப்பில் குழாய் படகுக்கென்று இருக்கிறது, படகு மறுபடியும் வரும் என்று ஊர் ஒரு மனு கொடுத்தால் போதும், குழாயை அப்படியே விட்டுவிடுவார்கள், அதிகாரியும் சம்மதித்துவிட்டார், ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றான். கேட்டவர்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பக்கத்து இணைப்பில் இருந்தவர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"இதுல என்ன தப்பு மதினி, அந்தக்கா நெசமாவே வந்தாலும் வருவாங்கள்ல," என்றான் மாயழகு.

"வருவாங்க. வந்தா வீட்டுக்கு ஒரு டம்ளர் குடுப்போம். ஆனா படகுக்குன்னு எழுதி நான் தண்ணி வாங்க மாட்டேன். இந்த ஊருல மனுசங்க இருக்கோம், எங்களுக்குத் தாகம் எடுக்குதுன்னு எழுதித் தரட்டும். அதை எழுத அவங்களுக்கு என்ன கை வலிக்குது?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எழுந்து வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப்போய் அவரவர் இணைப்பில் உட்கார்ந்தார்கள். அவள் சொன்னது வாய்வாயாகக் கடைசி இணைப்புவரைக்கும் போயிற்று.

அதிகாரி இரண்டு தடவை வந்து போனார். ஒருதடவை கெஞ்சினார், ஒருதடவை வழக்குப் போடுவதாகச் சொன்னார். வதனியின் நாலு வரியைப் படித்த ஆட்கள் எங்கெங்கிருந்தோ போன் போட்டு அலுவலகத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பதினாறாம் நாள் மத்தியானம், வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு ஊழியர் சைக்கிளில் ஓர் உத்தரவைக் கொண்டுவந்தார். பஞ்சவர்ணம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். மேற்படி குழாய் இவ்வூர் மக்களின் குடிநீர்த் தேவைக்காக நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுகிறது என்று அதில் இருந்தது. துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள், சைக்கிள்காரரும் சிரித்தார். பஞ்சவர்ணம் எழுந்திருக்கவில்லை. தாளை மறுபடியும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஊர்ப் பெயரைச் சாத்தன்குறிச்சி என்று எழுதியிருந்தார்கள்.

"இது எங்க ஊரு இல்ல," என்று அவள் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "சரியா எழுதிக் கொண்டு வாங்க."

ஒரு எழுத்துத்தானே அம்மா என்று சைக்கிள்காரர் சொல்லிப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும் என்றும் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எழுந்த ஆண்கள் ஒவ்வொருவராக மறுபடியும் உட்கார்ந்தார்கள். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் ஊர் உட்கார்ந்திருந்தது, மறுநாள் காலையில் அந்த ஒரு எழுத்து திருந்தி வரும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.